தலைக்குள் ஊறும் நீர்



பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலர் ஆண்டுக்கொரு முறையே ஊருக்குச் சென்று பெற்றோரைக் காண்கிறோம். விறுவிறுவென்று நடந்த தந்தையார், பாதம் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் தயங்கித் தயங்கி நடக்கிறார், சொன்னதை மறக்கிறார், சிறுநீரை அடக்க இயலாது வருந்துகிறார். "வயதாகிவிட்டது" என்கின்றனர் உறவினர். நாமும் தலையசைத்துவிட்டுத் திரும்புகிறோம். இம்மூன்றும் சேர்ந்து தோன்றும்பொழுது, அது மூப்புத்தானா என்று ஆராய்வது நம் கடமையாகும்.

விரிந்து கொடாத எலும்புப் பெட்டி மண்டையோடு. மூளையும், இரத்தமும், தெளிந்த நீர் ஒன்றும் அதனுள் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்று மிகுந்தால் மற்றது குறைந்தே ஆகவேண்டும். அந்நீர் எந்நேரமும் சுமார் 150 மில்லி லிட்டர் இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் புதிதாக ஊறி, அதே அளவு இரத்தத்தில் கலந்துவிடும். கலப்பது தடைப்பட்டால், மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்கி அவை பருக்கின்றன. சுற்றியுள்ள பகுதிகளில் இரத்த ஓட்டமும் குன்றுகிறது.

1957-இல் கொலம்பியா நாட்டின் பொகொட்டா நகரில் சாலொமோன் ஹக்கீம் என்ற மருத்துவர், விபத்தில் தலையில் அடிபட்ட 16 வயதுச் சிறுவனை ஆராய்ந்தார். உள்ளறைகள் பருத்திருந்தன, நீரின் அழுத்தமோ இயல்பாகவே இருந்தது. சோதனைக்காகச் சிறிது நீரை எடுத்ததும், பேச்சற்றுக் கிடந்த சிறுவன் பேசத் தொடங்கினான்! சிறு துணியை அசைக்கும் அதே காற்று, விரித்த பாயில் படும்பொழுது படகையே தள்ளுகிறதன்றோ? அவ்வாறே, பரப்பு பெருத்த அறையில் இயல்பான அழுத்தமும் மூளையை நெருக்கும் என்று ஹக்கீம் விளக்கினார். 1965-இல் இந்நோய் பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன.

மிகுந்த நீரை மெல்லிய குழாய் வழியே வயிற்றுக்குள் வடியவிடுவதே சிகிச்சை. இதன் பயனை ஐயமற அறிய 99 நோயாளரிடம் நடந்த ஆய்வொன்று 2025-இல் வெளியாயிற்று. அனைவருக்கும் குழாய் பொருத்தி, ஒரு பாதியினருக்கு மட்டும் நீர் நன்கு வடியுமாறு அதன் அடைப்பானை அமைத்தனர். மூன்று மாதங்களில் அவர்களது நடை தெளிவாக விரைவுற்றது. கீழே விழுவதும் குறைந்தது. மறதியிலும் சிறுநீர்த் தொல்லையிலும் அத்தகைய தெளிவான வேறுபாடு அதற்குள் தென்படவில்லை. மூளையின் மேற்புறத்தில் இரத்தம் கசிதல் இவர்களிடம் மிகுதியாக இருந்தது. ஆதலின் இது எண்ணித் துணியவேண்டிய சிகிச்சை.

தள்ளாடும் முதியோர் அனைவருக்கும் இந்நோய் என்று எண்ணலாகாது. பார்க்கின்சன் நோயும், மூளையின் நுண்குழாய்களில் நேரும் அடைப்பும் இதே தோற்றம் காட்டும். நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். தேவையெனில் இடுப்புப் பகுதியில் முதுகெலும்பினூடே ஊசியிட்டு 30 முதல் 50 மில்லி லிட்டர் நீரை எடுத்து, முன்னும் பின்னும் நடக்கச் செய்து ஒப்பிடுவார்.

மெல்ல மெல்ல நேரும் மாற்றம், உடனிருந்து நாள்தோறும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை; இடைவெளி விட்டுக் காணும் நமக்கோ சட்டெனத் தெரிகிறது. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்பொழுது, பெற்றோர் நடந்து வருவதைச் சற்று நின்று கவனிப்போம். ஐயம் தோன்றினால், விடுமுறையில் ஒரு நாளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கென ஒதுக்குவோம்.