தேயிலைத் தரகர் கந்தோரில் ஐந்து நாள்

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் மாணவ உறுப்பினர் சார்பில் நிகழ்த்திய உரை)



கொழும்பிலுள்ள தேயிலைத் தரகுக் கம்பனியொன்று பல்கலைக்கழக மாணவருக்கென நடத்திய ஐந்து நாள் அறிமுகப் பயிற்சிக்கு நம் மன்றத்து மாணவ உறுப்பினர் அறுவர் சென்று வந்தோம். அங்கே கண்டவற்றை இச்சபையில் எடுத்துரைக்குமாறு செயலாளரவர்கள் பணித்தார்கள். ஐந்து நாளில் ஒரு தொழிலை யாரும் கற்றுவிட முடியாது. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு எந்தக் கதவு இதுவரை சாத்தியே கிடந்தது என்பதை அந்த ஐந்து நாளும் எங்களுக்குக் காட்டின. அதைப்பற்றியே பேச விரும்புகிறோம்.

இத்தகைய குறுகிய காலப் பயிற்சி பிற நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தில் பெரிய வங்கிகளும் சட்ட நிறுவனங்களும் முதலாண்டு மாணவரை ஈஸ்டர் விடுமுறையையொட்டிச் சில நாட்களுக்கு அழைத்துத் தங்கள் வேலையைக் காட்டுகின்றன. 'வசந்த வாரம்' என்று அதனை அழைப்பார்கள். அங்கே திறமை காட்டியவர்களுக்கு அடுத்த கோடையில் நீண்ட பயிற்சியும், பின்னர் வேலையும் கிடைப்பதுண்டு. ஆகவே இது கம்பனிகள் செய்யும் தருமம் மாத்திரமன்று. நல்ல ஆட்களை முந்திக்கொண்டு தேடிக்கொள்ளும் வழியுமாகும். அதிற் குற்றம் ஒன்றுமில்லை. இதனைத் தெரிந்துகொண்டு போகிறவன் அதிக பயனடைவான் என்பதே எங்கள் கருத்து.

நாங்கள் சென்ற கந்தோரின் தொழிலை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு வேண்டும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துர தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் மலைநாடெங்கும் தேயிலை பரவியது. 1883 ஜூலை 30ஆம் நாள் கொழும்பிலே முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. 1679இல் தொடங்கிய லண்டன் ஏலம் 1998 ஜூன் 29ஆம் நாளோடு முடிந்துவிட்டது. கொழும்பு ஏலமோ வாரந்தோறும் நடந்துவருகிறது. 2020 ஏப்ரில் மாதத்தில், கொரோனாத் தொற்றுக் காலத்தில், அது கணினி வழிக்கு மாறியது. ஆதலின் ஏலமண்டபத்துக் கூச்சலையும் சுத்தியலோசையையும் நாங்கள் கேட்கவில்லை. அமைதியான அறையொன்றிலே திரையில் எண்கள் மாறுவதையே கண்டோம். சில வினாடிகளுக்குள் ஒரு தோட்டத்தின் தேயிலை விலைபோய்விடுகிறது.

அந்தச் சில வினாடிகளுக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்பதைப் பயிற்சியின் முதல் மூன்று நாட்களிலும் காட்டினார்கள். தொழிற்சாலையிலிருந்து மாதிரிகள் தரகரிடம் வருகின்றன. தரகர் அவற்றைச் சுவைத்து, விலை மதித்து, பட்டியலிட்டு, வாங்குவோருக்கும் மாதிரி அனுப்புகிறார். சுவைக்கும் அறையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசை வரிசையாக இருக்கும். தேயிலையை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, நேரம் பார்த்து வடிக்கிறார்கள். சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் என்பதாகும். சுவைப்பவர் ஒரு கரண்டியை ஓசையுடன் உறிஞ்சி, நாவிற் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போகிறார். அவிந்த இலையையும் பார்க்கிறார். வாட்டுவதிற் குறையா, நொதிக்கவைப்பதிற் குறையா, சூடு கூடிவிட்டதா, முற்றிய இலை கலந்துவிட்டதா என்று சொல்லிவிடுகிறார். இது பல்லாண்டுப் பழக்கத்தினால் வரும் அறிவு. அதற்குக் கந்தோரிலே பெருமதிப்பு இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

எங்களுள் இருவருடைய தாய்மார் கொழுந்து பறிப்பவர்கள். முற்றிய இலையைப்பற்றி அவ்வதிகாரி விளக்கியபோது அவ்விருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எந்தப் பதத்தில் இருக்கின்றன என்பதை அவர்களுடைய தாய்மாரின் விரல்கள் கண்ணுக்கு முன்னரே அறியும். எந்த மலையில் எப்போது கொழுந்து தளிர்க்கும், மழைக்குப்பின் எத்தனை நாளில் பறிக்கலாம் என்பதையும் அவர்கள் அறிவார்கள். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்துத் தேயிலைக்குத் தனிமணம் உண்டென்று கந்தோரில் நாங்கள் படித்தோம். அந்தக் காற்றிலே நின்று கொழுந்து எடுத்தவர்கள் அதனைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் மாலையில் நிறுவைத் தராசு அவர்களுடைய அறிவை நிறுப்பதில்லை. கூடையை மாத்திரமே நிறுக்கிறது. நிறை குறைந்தால் அரைப்பேர்.

சுவைப்பவரின் அறிக்கை யாரிடம் போகிறது என்று கேட்டோம். தொழிற்சாலை முகாமையாளரிடம் என்றார். கொழுந்து பறிப்பவர்களுக்குச் சொல்லப்படுகிறதா என்று கேட்டோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, "எனக்குத் தெரிந்தவரை இல்லை, நல்ல கேள்வி" என்றார். மழுப்பாமற் சொன்னதற்காக அவருக்கு நன்றியுடையோம்.

நான்காம் நாள் கணக்குப் பகுதியில் இருந்தோம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தே ஒரு கிலோ தேயிலையாகிறது. அந்த ஒரு கிலோவின் விலைக்குள் கூலி, உரம், விறகு, மின்சாரம், போக்குவரத்து, வட்டி யாவும் அடங்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தபோதெல்லாம் எத்தனை வாக்குவாதம் நடந்ததென்பதைப் பத்திரிகையிற் படித்தோம். ஆனால் அவ்வாக்குவாதத்தின் கணக்கைக் கண்ணாற் கண்டது அன்றுதான். ஈராக், ருஷ்யா, துருக்கி முதலிய நாடுகளில் வாங்குவோரின் நிலையும், டொலரின் மதிப்பும் அந்தத் தாளிலே வந்து விழுகின்றன. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகக் குறைந்தது. உரத்தடை அதற்கொரு முக்கிய காரணம். எங்கோ ஒரு மேசையில் எடுக்கும் தீர்மானம் எவ்வாறு மலையிலுள்ள கூடையைக் காலியாக்குகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

கம்பனியின் பக்கத்து நியாயமும் தொழிலாளியின் பக்கத்து நியாயமும் இந்த ஒரே கணக்கிலிருந்துதான் பேசப்படுகின்றன. ஆனால் கணக்கை வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்திலேயே இருக்கிறார்கள். கூலி உயர்வு கேட்பவனுக்கும் இலாபநட்டக் கணக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவனுக்கும் கூடையின் பாரம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் அறிந்தவர்கள் நம் பிள்ளைகளுள் இருந்து வரக்கூடும், வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களோடு கொழும்பு மாணவர் சிலரும் பயிற்சிக்கு வந்திருந்தனர். அவர்கள் எங்களிலும் கெட்டிக்காரர் அல்லர்; எங்களிற் குறைந்தவருமல்லர். ஆனால் பணிப்பாளர் சபை, கணக்காய்வு, கடன் தவணை என்ற சொற்களை அவர்கள் வீட்டில் இராச்சாப்பாட்டின்போதே கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் முதல் நாளே கேள்வி கேட்டார்கள். எங்கள் ஆறு பேருக்கும் வாய் திறக்க இரண்டு நாள் சென்றது. ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்ற அச்சமே காரணம். மூன்றாம் நாள் தட்டுத்தடுமாறிக் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. பிழையான இலக்கணத்திற் கேட்ட நல்ல கேள்விக்கும் அங்கே மதிப்பிருந்தது. தம்பி தங்கையர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

இப்பயிற்சிக்கு நம் மன்றத்திலிருந்து தெரிவானவர்கள் உண்மையில் எழுவர். ஏழாவது தங்கை வரவில்லை. கொழும்பிலே உறவினர் இல்லை. ஐந்து நாள் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் வீட்டில் பணம் இல்லை. எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு, உடல்நலமில்லை என்று எழுதிவிட்டாள். அவளுடைய அனுமதி பெற்றே இதனைச் சொல்கிறோம். அறிவில் அவள் எங்கள் அறுவருக்கும் முந்தியவள்.

ஆகவே பெரியோர்களாகிய உங்களிடம் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறோம். முதலாவது, இத்தகைய பயிற்சிக்குத் தெரிவாகும் உறுப்பினரின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்குமாக மன்றம் ஒரு சிறு நிதியை ஏற்படுத்த வேண்டும். கேட்கும் பிள்ளை கூச்சப்படாதவாறு அது வழங்கப்படல் வேண்டும். இரண்டாவது, நம் பெரியோர்களுள் வங்கியிலும் துறைமுகத்திலும் கணக்காய்வுக் கந்தோரிலும் வைத்தியசாலையிலும் பணிபுரிவோர் இருக்கிறார்கள். அவரவர் நிறுவனத்தின் அனுமதி பெற்று, ஆண்டுக்கு இருவரையாவது சில நாட்கள் அருகிருத்தித் தங்கள் வேலையைக் காட்டலாகாதா? உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பெரிய வழிகாட்டலாகும். மூன்றாவது, போய் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் திரும்பி வந்து இச்சபையில் உரைக்க வேண்டும். இளையவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லவும் வேண்டும்.

அந்தக் கம்பனிக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். அடுத்த முறை ஐந்து நாளில் ஒரு நாளைத் தோட்டத்தில் கழிக்கவும், கொழுந்து பறிக்கும் தாய்மாருள் ஒருவரை அன்று ஆசிரியராக அமர்த்தவும் கேட்டிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை. வந்ததும் அறிவிப்புப் பலகையில் இடுவோம். அடுத்த பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்பும் உறுப்பினர் கூட்டம் முடிந்ததும் எங்களைச் சந்திக்கலாம். விண்ணப்பம் எழுதுவதற்கு உதவக் காத்திருக்கிறோம். ஏழாவது தங்கையின் பெயரை முதலாவதாக எழுதிவைத்திருக்கிறோம்.