காற்றில் விட்ட சொல்

நேயர்களே, இப்பொழுது நான் பேசுவதை யார் யார் கேட்கின்றீர்கள் என்பதை நான் அறியேன். வானொலிப் பெட்டி உடைய எவரும் கேட்கலாம். ஒலிபரப்புக்கு இது சிறப்பு; படைக்கு இதுவே ஆபத்து.

1914 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், கிழக்குப் பிரஷியாவில் முன்னேறிய ரஷ்யப் படைகள் தம் கட்டளைகள் சிலவற்றைக் குறியீட்டில் மறைக்காமலே கம்பியில்லாத் தந்தியில் அனுப்பின. ஜேர்மானியர் அவற்றைக் கேட்டு, எப்படை எத்திசையில் நகரும் என்பதை அறிந்துகொண்டனர். தனன்பேர்க் போரில் ஜெனரல் சம்சோனோவின் படை சுற்றி வளைக்கப்பட்டு அழிந்தது. அவரும் தம்மைத் தாமே சுட்டு மாண்டார்.

இன்று கணனிகளும் கம்பியின்றியே பேசிக்கொள்கின்றன. 'வைபை' என நாம் அழைக்கும் முறைக்கு 1997 இல் விதி வகுத்தோர், 'வெப்' என்னும் பூட்டொன்றையும் அமைத்தனர். அனுப்பப்படும் செய்தித் துண்டு ஒவ்வொன்றோடும் ஓர் எண் செல்லும். அவ்வெண்கள் மொத்தம் 16,777,216. பெருந்தொகைதான், ஆயினும் ஓயாது இயங்கும் நிலையமொன்றில் சில மணி நேரத்தில் அவை தீர்ந்து, பழைய எண்களே மீண்டும் வரும். 2001 இல் ஃபுளூரர், மன்ரின், ஷமீர் என்னும் அறிஞர் மூவர் வேறொரு குறையையும் காட்டினர். அவ்வெண்களுட் சில, மறைவாயிருக்க வேண்டிய திறவுகோலைச் சிறிது சிறிதாகக் காட்டிக் கொடுக்கின்றன. பொறுமையோடு ஒட்டுக் கேட்பவன் கதவைத் தொடாமலே திறவுகோலைச் செய்துகொள்வான். 2003 இலும் 2004 இலும் உறுதியான பூட்டுகள் வந்தன.

இராணுவக் கல்லூரி மாணவருக்கு இக்குறையை வாயாற் சொன்னால் போதுமா, அப்பூட்டை அவர்களே உடைத்துப் பார்க்க வேண்டுமா? உடைக்கக் கற்பிப்பது தகுமோ என நானும் தயங்கினேன். வகுப்பறையிற் காலங்கழித்தவனுக்கு இத்தயக்கம் இயல்பு. அமெரிக்காவின் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரி கண்ட வழி அத்தயக்கத்தைப் பெரிதும் தீர்த்தது. அங்கே இதற்கென வெளியுலகத் தொடர்பே அற்ற ஆய்வுகூடம் அமைத்தனர். தாக்கும் கருவிகளை மாணவர் கையாண்டது அச்சுவர்களுக்குள்ளேதான். 2001 இல் படைக் கல்லூரிகளுக்கிடையே ஒரு போட்டியும் தொடங்கியது. மாணவர் தாமே வலையமைப்பைக் கட்டிக் காக்க, தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் வல்லுநர் அதைத் தாக்கினர். எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டுத் தப்ப முடியாது. சேவைகள் தடையின்றி நடந்தால்தான் புள்ளி.

ஆயினும் பூட்டு மட்டும் காப்பதில்லை. உண்மையான நிலையத்தின் பெயரையே சூட்டிய போலி நிலையமொன்றைப் பகைவன் அருகில் வைத்தால், அவசரக்காரன் தானாகவே அதில் இணைவான். அப்பாடத்திட்டம் என் பொறுப்பாயின், முதல் நாளில் மாணவரைக் கணனி முன் இருத்தமாட்டேன். கையிலொரு கருவியைக் கொடுத்து முகாமின் வேலிக்கு வெளியே நடக்கவிடுவேன். உள்ளிருந்து வரும் அலை எவ்விடத்தில் ஓய்கிறதோ, அவ்விடம் வரை நடந்து, அடிக்கணக்கைக் குறித்துக்கொண்டு திரும்ப வேண்டும்.