வேகத்தில் தடுமாறும் எஞ்சின்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்த மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோமே என்று சிலர் புன்னகை செய்வதைக் காண்கிறோம். ஆயினும் மண்டப வாசலிலே நிற்கும் வண்டிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். வயலுக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வன்னி மக்களைச் சுமந்து செல்வது எது? அது நடுக்காட்டு வீதியிலே மக்கர் செய்தால் அவதிப்படுவது யார்? ஆகவே பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறோம்.

எஞ்சினுக்கு வரும் நோய்களுள் ஒன்று மிகவும் கள்ளத்தனமானது. மெதுவாகப் போகும்போது ஒரு குறையும் தெரியாது. அக்சிலேற்றரை முறுக்கி வேகமெடுத்தால் மட்டும் இழுவை விட்டுவிட்டு வரும். ‘டப் டப்’ என்று வெடிக்கும். கராச்சுகளிலே இதை ‘மிஸ் அடிக்கிறது’ என்பார்கள்.

வேகத்திலே மட்டும் இது ஏன் வருகிறது? நிமிடத்துக்கு 6000 தடவை சுழலும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினிலே, இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை எரிதல் நடைபெறவேண்டும். அதாவது ஒரு விநாடிக்கு 50 முறை! ஒவ்வொரு முறையும் போதிய காற்றும் போதிய பெற்றோலும் உள்ளே வரவேண்டும். அவை நன்றாக நெருக்கப்படவேண்டும். உரிய கணத்தில் பிளக்கிலே பொறி பாயவேண்டும். கால் சுளுக்கியவன் மெல்ல நடக்கும்போது குறை தெரியாது. ஓடச் சொன்னால் தெரிந்துவிடும். எஞ்சினும் அப்படித்தான்.

இனி, நாம் பட்டுத் தெளிந்த கதையைச் சொல்லுகிறோம்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின், வவுனியாவுக்கு வடக்கே பெற்றோல் கிடைப்பது அருமையாயிற்று. மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலம் அது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிலே இலகுவில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புகை கக்கும், பிளக்கிலே கரி படியும், நாளுக்கு நாள் பிளக்கைக் கழற்றித் தேய்ப்பதே தொழிலாயிற்று.

அந்நாளிலே ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு வயற்கிராமத்தில் இருந்தோம். ஓர் இரவு, வயலுக்குக் காவலிருந்த பெரியவர் ஒருவரைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. அவரை நடுவில் இருத்தி, அவருடைய மகன் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, நாம் வண்டியை ஓட்டினோம். இரண்டு மைல் போவதற்குள் எஞ்சின் மிஸ் அடிக்கத் தொடங்கியது. முறுக்கினால் தடுமாறுகிறது; தணித்தால் ஓடுகிறது. மாட்டு வண்டி வேகத்திலே, 12 மைல் தூரத்தை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தோம். விஷமுறிவு மருந்து கிடைத்துப் பெரியவர் பிழைத்தார். ஆனால், “இன்னும் கொஞ்சம் வேகமாகப் போங்கோ அண்ணை” என்று அந்த மகன் வழியெல்லாம் கெஞ்சிய குரல் இன்றும் எமது காதில் நிற்கிறது.

மறுநாள் பிளக்கை மாற்றினோம். குணமில்லை. எல்லாம் மண்ணெண்ணெயின் வேலை என்று காபரேற்றரை இரண்டு தரம் கழுவினோம். குணமில்லை. அயலவரிடம் கொயில் இரவல் வாங்கிப் பூட்டினோம். அப்போதும் அதே கதை. ஒரு வாரம் கழிந்தது. ஒரு நாள் வண்டி தடுமாறிய இடத்திலேயே நிறுத்தி, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத் தாங்கி மூடியைத் திறந்தோம். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டது! மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினோம். எஞ்சின் சிங்கம் போல ஓடியது.

நடந்தது என்ன? தாங்கி மூடியிலே சிறு துவாரம் ஒன்று உண்டு. எண்ணெய் இறங்க இறங்க அவ்வழியே காற்று உட்செல்லவேண்டும். அருமருந்தான எண்ணெய் ஆவியாகிப் போகாதிருக்கப் பழைய ரியூப் துண்டு ஒன்றை வெட்டி மூடியின் உள்ளே வைத்தவர் வேறு யாருமல்லர், நாமேதான்! கசிந்து புகுந்த சிறிது காற்று மெதுவான ஓட்டத்துக்குப் போதுமாயிருந்தது, வேகத்துக்குப் போதவில்லை. தெரிந்த எதிரியாகிய மண்ணெண்ணெயையே குற்றஞ்சாட்டி, எமது கைவேலையை மறந்துவிட்டோம்.

அன்று கற்ற முறையை இளைஞர்களுக்குச் சொல்லுகிறோம். முதலில் ஆயுதத்தைத் தொடாதீர்கள், கேள்வி கேளுங்கள். குறை என்று தொடங்கியது? அதற்கு முன் எதைக் கழற்றினோம், எதைப் பூட்டினோம்?

அடுத்து, செலவில்லாத பரீட்சைகள். மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். நெருப்புக்கு எட்ட நின்று, காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் பிடியுங்கள்; பெற்றோல் தடையின்றி ஓடவேண்டும். காற்று வடியைப் பாருங்கள். எமது செம்மண் புழுதி அதை விரைவில் அடைத்துவிடும். தடுமாறும்போது சோக்கைச் சிறிது இழுங்கள். சீர்ப்பட்டால் எரிபொருள் போதவில்லை. மேலும் கெட்டால் எரிபொருள் மிகுதி, அல்லது பொறி பலவீனம்.

பிறகு பிளக். வேகமாக ஓடும்போதே எஞ்சினை நிறுத்தி, கிளச்சைப் பிடித்து ஓரங்கட்டுங்கள். ஆறவிட்டுக் கழற்றிப் பாருங்கள். செங்கல் நிறமானால் நலம். உலர்ந்த கரியானால் எரிபொருள் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பசையானால் எஞ்சின் ஒயில் மேலேறுகிறது. இடைவெளி கைந்நூலிற் கூறியபடி இருக்கட்டும். சிறு வண்டிகள் பலவற்றுக்கு அது 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். இருட்டிலே எஞ்சினை ஓடவிட்டுப் பிளக் வயரைப் பாருங்கள். பொறி வெளியே கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். குளிரில் நன்றாக ஓடிச் சூடேறியபின் மட்டும் தடுமாறினால் கொயிலைச் சந்தேகியுங்கள். இவ்வளவும் சரியானால் மட்டுமே வால்வு இடைவெளியையும் ஸ்பிரிங்கையும் பார்க்க எஞ்சினைத் திறக்கலாம்.

ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிக் குணம் கண்டவன், நோய் எதுவென்று அறியமாட்டான்.

இன்று புதிய வண்டிகள் பலவற்றில் காபரேற்றரே இல்லை. பம்பும் இன்ஜெக்டரும் அந்த வேலையைச் செய்கின்றன. கோளாறு கண்டால் விளக்கும் எரிகிறது. ஆனால் காற்று, எரிபொருள், நெருக்கம், பொறி என்ற நான்கும் மாறவில்லை. 2022இல் நாடெங்கும் பெற்றோலுக்கு வரிசை நின்றபோது, கான்களிலே சேமித்த எண்ணெயோடு தூசியும் தண்ணீரும் தாங்கிக்குள் போயின என்பதையும் மறவாதீர்கள்.

அன்பர்களே, பதறாத காரியம் சிதறாது. உங்கள் வண்டி இன்று வேகத்திலே சிறிது தடுமாறுகிறதா? நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். எந்த இரவிலே, யார் வீட்டு வாசலிலே, யாருடைய உயிருக்காக அந்த வண்டி அழைக்கப்படும் என்று எவரும் அறியார். வீடு திரும்பியதும் முதலில் அந்தத் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள்.