விருந்துக்கு மறுநாள்



அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றியறிதல் நாள். 1941இல் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வீடு முழு வான்கோழி வேகும். ஆறேழு கிலோ பறவை. பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் மிச்சம் இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் பிய்த்த கறி ஒரு பாத்திரம், சதை ஒட்டிய எலும்புக்கூடு ஒன்று. அவற்றிலிருந்து அந்த வீடுகளில் பிறப்பதுதான் பாட் பை. கறியும் காயும் கலந்த கெட்டியான வெள்ளைக் குழம்பு, அதன்மேல் பொன்னிறமாக வெந்த வெண்ணெய் மாவு மூடி.

மிச்சத்தை வீணாக்காத சிக்கனம் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். லிடியா மரியா சைல்ட் என்ற எழுத்தாளர், சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் பெண்களுக்காக 1829இல் ஒரு நூல் எழுதினார். அடிமை முறையை எதிர்த்துத் துணிந்து எழுதியவர் அவர். நன்றியறிதல் நாளன்று பனியில் வண்டியேறித் தாத்தா வீட்டுக்குப் போகும் பிள்ளைகளின் பாட்டை 1844இல் எழுதியவரும் அவரே. விருந்தைக் கொண்டாடத் தெரிந்தவருக்குத்தான் மீந்ததின் அருமையும் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாட் பையின் உயிர் கறியில் இல்லை, எலும்பில் இருக்கிறது. பலர் எலும்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் வாங்கிய சாறுக் கட்டியைக் கரைக்கிறார்கள். மனசு கேட்கவில்லை. எலும்புக்கூட்டை உடைத்து, வெங்காயம், கேரட், செலரித் தண்டு, மிளகு சேர்த்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் சாறு கலங்கிப்போகும்.

அடுத்து குழம்பு. 75 கிராம் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, 45 கிராம் மைதாவைப் போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். 400 மில்லி எலும்புச் சாறும் 150 மில்லி பாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் கட்டி விழாது. கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வந்ததும் உப்பு, மிளகுத்தூள், தைம் இலை, அரைவேக்காட்டுக் கேரட், பச்சைப் பட்டாணி. கறியைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். அது நேற்றே வெந்தது; மறுபடி கொதித்தால் நார்நாராகிவிடும்.

குழம்பு நன்றாக ஆறட்டும். சூட்டோடு மாவால் மூடினால் வெண்ணெய் ஓவனுக்குப் போகுமுன்பே உருகிவிடும். மாவின் சூட்சுமமே குளிர்ச்சிதான். 160 கிராம் மைதாவில் 115 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டாக்கிப் போட்டு, விரல்நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துத் திரட்டுங்கள். சப்பாத்தி மாவுபோல் பிசையக் கூடாது. பட்டாணி அளவில் வெண்ணெய் ஆங்காங்கே தெரிய வேண்டும். ஓவன் சூட்டில் அந்த வெண்ணெயின் ஈரம் ஆவியாகி மாவைத் தூக்கும். மூடி ஏடு ஏடாகப் பிரிவது அதனால்தான். அடியிலும் மாவு வைப்பவர்கள் உண்டு. அது ஊறிச் சொதசொதக்கும். வீட்டுச் சமையலுக்கு மேல்மூடி போதும் என்பது என் கட்சி. மூடியில் கத்தியால் நாலைந்து கீறல் போடுங்கள், ஆவிக்கு வழி வேண்டும். 200 டிகிரி செல்சியஸில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சமைத்த கறி இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். மறுபடி சூடாக்கும்போது நடுப்பகுதியும் 74 டிகிரியைத் தொட வேண்டும். மேசையில் ராத்திரி முழுக்கக் கிடந்த கறியை எந்த மாவு மூடியாலும் காப்பாற்ற முடியாது, அதைக் கொட்டிவிடுங்கள்.

வான்கோழிதான் வேண்டும் என்றில்லை. வாட்டிய கோழியின் மிச்சமும் இதே வழியில் அருமையாக வரும். மாட்டுக்கறியானால் பாலை விட்டுவிட்டு, சாற்றைக் கூட்டி, காளான் சேர்க்கலாம். எந்தக் கறியானாலும், ஓவனிலிருந்து எடுத்ததும் கத்தி வைக்காமல் கால் மணி நேரம் பொறுங்கள். அதற்குள் குழம்பு இறுகிக்கொள்ளும். வெட்டிய துண்டு தட்டில் ஓடாமல் நிற்கும்.