தலைப்பிரட்டையின் வாலும் நுரையீரலின் குழியும்



ஆய்க்குடிப் பக்கம் மழை பெய்து வயலில் தண்ணீர் தேங்கினால் தலைப்பிரட்டைகளைப் பார்க்கலாம். அது தவளையாகும்போது வால் அறுந்து விழுவதில்லை, கரைந்து உடலுக்குள் போகிறது. கரைப்பது எது? 1962இல் அமெரிக்காவில் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் இருவரும் வால் துண்டுகளைக் கொலாஜன் கூழின்மேல் வைத்தார்கள். துண்டைச் சுற்றிக் கூழ் கரைந்தது. கொலாஜனை வெட்டும் நொதி அப்படித்தான் தெரியவந்தது. கான்கிரீட்டுக்குக் கம்பி எப்படியோ, அப்படி நம் தோலுக்கும் எலும்புக்கும் நுரையீரலுக்கும் கொலாஜன்.

இந்தக் குடும்பத்து நொதிகள் நம் உடலிலும் உண்டு. நோய் எதிர்ப்பு செல்கள் திசுவுக்குள் நகரவும், காயத்தில் சிதைந்ததை அகற்றவும் இவை உதவுகின்றன. இவற்றை அடக்கி வைக்கும் புரதங்களும் உடனிருக்கின்றன.

காசநோயில் அந்த அடக்கம் தளர்கிறது. கிருமி நுரையீரலை அரிக்கிறது என்று பொதுவாகச் சொல்வோம். பெரும்பாலும் அரிப்பது நம் செல்களே சுரக்கும் நொதிதான். கிருமி அதைத் தூண்டிவிடுகிறது. நார் கரைந்து குழி விழுகிறது. குழிக்குள் கிருமி பெருகி, மூச்சுக்குழல் வழியாக இருமலில் வெளியேறி அடுத்தவரைச் சேர்கிறது. கிருமிக்கு வாசல் திறந்துவிடுவது நம் உடலேதான்!

மருந்து கிருமியைக் கொல்லும். கரைந்துபோன இடத்தைப் பழையபடி கட்டித் தராது. குணமானவர் சிலருக்கு மூச்சுத்திணறல் நீடிப்பது அதனால்தான். ஆகவே குழி விழுமுன் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், விடாத காய்ச்சல், எடை ஏறாமை இவற்றை மாணவரிடம் முதலில் கவனிக்கக்கூடியவர் வகுப்பாசிரியர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இன்னொன்று. அப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்ததும் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்த வகுப்பு ஒன்றை எனக்குத் தெரியும். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. சிறு பிள்ளைகளுக்கு நோய் வந்தாலும் குழி விழுவது அரிது. அவர்களிடமிருந்து பரவுவதும் குறைவு. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று அந்த ஆய்வின் முடிவு காட்டியது. உலகெங்கும் சானடோரியங்கள் குறைய அது ஒரு காரணம். அந்தப் பிள்ளைக்குத் தேவை ஒரு பரிசோதனை, மருத்துவர் சொன்னால் தடுப்பு மருந்து, பிறகு வழக்கமான அதே இடம்.