ஆண்டவர் சித்தமா, மனித விருப்பமா?



தோ பாயோவில் எங்கள் புளோக்கில் ஓர் அம்மா இருக்கிறார். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர். இனிப்பு நீர் வியாதி, கால் விரலில் புண். "பாலிகிளினிக்குக்குப் போங்கம்மா" என்றால், "எல்லாம் கர்த்தர் சித்தம், தம்பி" என்கிறார். கர்த்தருக்குச் சித்தம் உண்டு என்பதை நான் மறுக்க வரவில்லை. அந்தப் புண்ணுக்கு மருந்து போடாமல் இருப்பது யாருடைய சித்தம் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் பார்வோனை அழைத்து வந்தார். கடவுளே அவன் இருதயத்தைக் கடினமாக்கினார், அவன் என்ன செய்வான் பாவம் என்றார். யாத்திராகமத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கட்டும். தவளை வாதை நீங்கியதும் அவன் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்திக் கொண்டான் என்று 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே புத்தகம்!

இது பழைய வழக்கு. யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே குறித்துவிட்டார் என்பது கால்வின் வழி வந்தவர்களின் போதனை. கிருபை எல்லாருக்கும் உண்டு, ஏற்பதும் தள்ளுவதும் மனிதன் கையில் என்று 1739இல் பிரிஸ்டலில் பிரசங்கித்தார் ஜான் வெஸ்லி. அதை அச்சிடலாமா வேண்டாமா என்று அவருக்குத் தயக்கம். என்ன செய்தார் தெரியுமா? சீட்டுப் போட்டுப் பார்த்தார்! அச்சிடு என்று விழுந்தது. எதிரணியில் கைதட்டுகிறார்கள், தட்டட்டும். சீட்டு பிரசங்கத்தை எழுதவில்லையே ஐயா!

அந்தப் பிரசங்கத்தால் நண்பர் ஒயிட்ஃபீல்டுடன் பிளவு வந்தது. ஆனாலும் 1770இல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் அதே வெஸ்லி. நம் ஊரிலும் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் வெஸ்லி வழி, ஆர்ச்சர்ட் ரோடு பிரஸ்பிட்டேரியன் ஆலயம் கால்வின் வழி. இரண்டு சபையாரும் ஒரே எம்ஆர்டியில்தான் போகிறார்கள்.

தமிழனுக்கு இது அந்நியமும் அல்ல. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்லும், குரங்குக் குட்டியோ தாயைத் தானே பற்றிக்கொள்ளும் என்று வைணவத்தில் தென்கலையும் வடகலையும் வாதிட்டது இதைத்தானே? நான் குரங்குக் கட்சி. சிரிக்காதீர்கள்.

வீவக வீட்டுக்குக் குலுக்கலில் எந்த எண் விழும் என்பது நம் கையில் இல்லை. விண்ணப்பம் போடுவது?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள். வேளாங்கண்ணிக்கு வந்த யாத்ரீகர்களையே அலை கொண்டுபோயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் "ஆண்டவர் சித்தம்" என்று சொல்ல எனக்கு நா எழாது. கடலடி நிலநடுக்கத்தை மனிதன் நிறுத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எச்சரிக்கை கொடுக்க முடியும். 2007இல் ஐதராபாத்தில் இந்தியாவின் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் அப்படியொரு மையம் இல்லாததையும் கடவுள் கணக்கில் எழுதலாமா?

கடைசியாக ஒன்று. கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் விருப்பத்தைப் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார். தமக்கென்று ஒரு விருப்பமே இல்லாதிருந்தால், வியர்வை இரத்தத் துளிகளாய் விழ அன்றிரவு அவர் எதை ஒப்புக்கொடுத்தார்? எதிரணியினர் பதில் சொல்லட்டும்.