பி.எஸ்.ஏ. அளவு கூடியிருக்கிறதா? தாளை ஒளித்து வைக்காதீர்கள்

(யான் வட்டார மூத்தோருக்கு ஆற்றிய உரை)



நான் மருத்துவர் இல்லை. பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்த மொழிபெயர்ப்பாளர். மருத்துவர்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்வதைத் தமிழில் சொல்வது என் வேலை. உங்களில் பலருக்கு என் அப்பா வயது. மகள் பேசுவதாக நினைத்து, கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனைத் தாளில் சில எண்களுக்குப் பக்கத்தில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். மருத்துவர் மலாயில் ‘திங்கி’ என்பார். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: அளவு கூடியிருக்கிறது. புற்றுநோய்க்கு மலாயில் ‘கான்சர்’, ‘பாராஹ்’ என்று வேறு சொற்கள் உண்டு. ‘திங்கி’ என்பது அந்தச் சொல் இல்லை.

என் பெரியப்பா குரூண் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய தாளில் பி.எஸ்.ஏ. 7.2 என்றும், பக்கத்தில் ‘எச்’ என்றும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “இது அந்த நோய்தான்” என்று சொல்லிவிட்டார். பெரியப்பா தாளை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். எட்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோதுதான் பெரியம்மா கையில் அது கிடைத்தது.

கிளினிக்கில் விசாரித்தபோது உண்மை தெரிந்தது. இரத்தம் எடுத்த வாரத்தில் அவருக்குச் சிறுநீர்த் தொற்று இருந்திருக்கிறது. மறுபடி எடுத்தபோது அளவு 3.1. எட்டு மாதப் பயம் தேவையே இல்லாதது. ஆனால் அது உண்மையிலேயே புற்றுநோயாக இருந்திருந்தால், அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்?

பி.எஸ்.ஏ. என்பது என்ன? ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே புரோஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரியது. அது உண்டாக்கும் ஒரு புரதம்தான் பி.எஸ்.ஏ. அதில் கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 4 நானோகிராமுக்கு மேல் போனால் பொதுவாகக் கவனிக்க வேண்டிய அளவு என்பார்கள். வயது கூடக் கூட இந்த அளவும் இயல்பாகவே கூடும்.

அளவு கூடப் பல காரணங்கள் உண்டு. வயதானால் சுரப்பி பெருக்கும். அது புற்றுநோய் அல்ல. சிறுநீர்த் தொற்று, சுரப்பியில் வீக்கம், சிறுநீர்க் குழாய் போட்டது, பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாளில் தாம்பத்திய உறவு, நெடுநேரம் சைக்கிள் ஓட்டியது, இவையும் கூட்டலாம். புற்றுநோயும் ஒரு காரணம். அளவு 4 முதல் 10 வரை இருப்பவர்களில் சுமார் நான்கு பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கலாம் என்பது மருத்துவ நூல்களில் உள்ள கணக்கு. மற்ற மூவருக்கு இல்லை. 10-ஐத் தாண்டினால் வாய்ப்பு பாதிக்கு மேல். 4-க்குக் கீழே இருப்பவர்களிலும் சிலருக்கு இருக்கும்.

எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1986-இல் இந்தப் பரிசோதனைக்கு முதலில் அனுமதி கிடைத்தது, ஏற்கெனவே நோய் உள்ளவர்களைக் கண்காணிக்கத்தான். நோயைக் கண்டறிய உதவும் என்று 1994-இல் அனுமதித்தபோதும், மருத்துவர் விரலால் பார்க்கும் பரிசோதனையோடு சேர்த்தே பயன்படுத்தச் சொன்னார்கள்.

அடுத்து என்ன நடக்கும்? தொற்று இருந்தால் முதலில் அதற்கு மருந்து. சில வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுப்பார்கள். மருத்துவர் கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்குக் கூச்சப்பட்டுத்தான் பலர் வருவதில்லை. தேவைப்பட்டால் கடிதம் கொடுத்து அலோர் ஸ்டாரிலோ சுங்கைப் பட்டாணியிலோ உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே எம்.ஆர்.ஐ. படமும், அதன்பின் ஊசியால் சிறு சதை எடுத்துப் பார்ப்பதும் நடக்கலாம். புற்றுநோய் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது அந்தச் சதைப் பரிசோதனைதான்.

சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ சியன் லூங்குக்கு 2015 ஜனவரியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிறகு எடுத்த 38 சதைத் துண்டுகளில் ஒன்றில் மட்டும் புற்றுநோய் அணுக்கள் இருந்தன. பிப்ரவரியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் 2024 வரை பிரதமராகவே பணியாற்றினார். சீக்கிரம் தெரிந்தால் வழி இருக்கிறது. மெதுவாக வளரும் வகையென்றால், அறுவை இல்லாமல் கண்காணித்தே வருவதும் உண்டு.

நம் நாட்டில் 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் குடலுக்கும் நுரையீரலுக்கும் அடுத்து மூன்றாவது இது. பலர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்:

1. என் வயதுக்கு இந்த அளவு எப்படி?
2. போன தடவை எவ்வளவு இருந்தது?
3. எனக்குத் தொற்று ஏதும் இருக்கிறதா?
4. மறுபரிசோதனை எந்தத் தேதியில்?

சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டு போங்கள், நாட்டு மருந்தையும் சேர்த்து. சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைட் மாத்திரை, சில மாதங்களில் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் சதை எடுக்கும் முன் அதைச் சொல்ல வேண்டும்.

சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால், சிறுநீரில் இரத்தம் வந்தால், முதுகு வலியோடு கால் பலம் குறைந்தால், தேதிக்குக் காத்திருக்காதீர்கள். சதை எடுத்த பிறகு காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படியே. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அம்மாமார்களே, வீட்டில் தாள்களைப் பத்திரப்படுத்துவது நீங்கள்தான். சாமிப் படத்துக்குப் பின்னாலும் ஒருமுறை பாருங்கள். தாள் கிடைத்தால் திட்டாதீர்கள். கூடவே கிளினிக்குக்குப் போங்கள். மொழி புரியவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். தமிழில் சொல்ல ஆளைக் கூப்பிடுவார்கள்.